குன்றின் மேலிருந்து தெரிந்த தானியக் கப்பல்கள்: ஏதென்ஸ் பட்டினியில் பணிந்த கதை

கி.மு. 410ஐ ஒட்டிய ஒரு நாள். ஏதென்ஸுக்கு வடக்கே டெசெலியா என்ற குன்றில் கோட்டை கட்டிக்கொண்டு ஸ்பார்ட்டாவின் அரசன் ஏகிஸ் மூன்று வருஷமாகப் படையோடு உட்கார்ந்திருக்கிறான். நகரத்திலிருந்து சுமார் 22 கிலோமீட்டர்தான், நின்று பார்த்தாலே கோட்டை தெரியும். ஏதென்ஸ்காரர்கள் யாரும் வெளியே வந்து நிம்மதியாக உழ முடியாது, ஆடு மாடு மேய்க்க முடியாது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் ஓடிப்போய்விட்டார்கள். கணக்குப்படி பார்த்தால் இந்நேரம் பசி தாங்காமல் நகரம் கதவைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அன்றைக்கு ஏகிஸ் கடல் பக்கம் பார்க்கிறான். ஏதென்ஸின் பைரியஸ் துறைமுகத்துக்குள் தானியக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்துகொண்டிருக்கின்றன.

அப்போது அவன் சொன்னதை அதே காலத்தில் வாழ்ந்த செனஃபன் எழுதிவைத்திருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால்: இந்தத் தானியம் கடல் வழியாக எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தைப் பிடிக்காத வரைக்கும், நிலத்தை மறித்துக்கொண்டு நாம் இங்கே உட்கார்ந்திருப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. உடனே கிளியார்க்கஸ் என்பவரை பைசாந்தியம் பக்கம், அதாவது இன்றைய இஸ்தான்புல் பக்கம், அனுப்ப முடிவாயிற்று.

ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் 27 வருஷம் நடந்த பெலோபொனீசியப் போரை ஒரே காட்சியில் காட்டு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். பழைய கிரேக்கத்தைப் பற்றிப் பேசும்போது "மலையும் கடலும் அவர்கள் வாழ்க்கையைத் தீர்மானித்தன" என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எப்படித் தீர்மானித்தன, எந்த இடத்தில், எந்த நாளில் என்று கேட்டால் பதில் வராது. அதனால் ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்: கி.மு. 405இல் ஏகோஸ்போடமி கடற்கரையில் ஏதென்ஸின் கப்பற்படை மொத்தமாகப் பறிபோனதும், அடுத்த வசந்தத்துக்குள் நகரம் பட்டினியில் பணிந்ததும். கூடவே ஒரு மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டால் நல்லது.

மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்

ஏதென்ஸ் நகரத்தைச் சுற்றியுள்ள அட்டிகா சுமார் 2,400 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி குன்றும் பாறையும். மழை வருஷத்துக்கு 400 மில்லிமீட்டர் அளவில்தான், அதுவும் குளிர்காலத்தில் வந்துவிட்டுப் போய்விடும். மேகங்கள் மேற்கிலிருந்து வருகின்றன, நடுவில் பிண்டஸ் மலைத்தொடர் நிற்கிறது, அதனால் மேற்குக் கரையில் உள்ள கார்ஃபு தீவில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, கிழக்கே இருக்கிற அட்டிகாவுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கிறது. கோடையில் ஓடைகள் வறண்டுவிடும். நம் ஊர் பாஷையில் சொன்னால் முழுக்க மானாவாரி பூமி.

மானாவாரியில் கோதுமை கைவிட்டுவிடும். பார்லி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கி.மு. 329ஐ ஒட்டி எலூசிஸ் கோயிலுக்குக் காணிக்கையாக வந்த முதல் விளைச்சல் கணக்கு ஒரு கல்வெட்டில் இருக்கிறது; அதை வைத்துப் பெருக்கிப் பார்த்தால் அட்டிகாவில் விளைந்த பார்லி கோதுமையைவிடப் பத்து மடங்குக்கு மேல் வருகிறது. அது பஞ்சகாலம் என்பதையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும்தான், ஆனாலும் விகிதம் சொல்கிற சேதி தெளிவு. சாதாரண நாளில் மாவைப் பிசைந்து உருட்டிய பார்லிப் பண்டம், திருவிழா நாளில் கோதுமை ரொட்டி. அரசு செலவில் சாப்பிடும் கௌரவ விருந்தாளிகளுக்கே அப்படித்தான் போட வேண்டும் என்று ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன் விதித்ததாகச் சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால் இந்த வறண்ட மண்ணே அவர்களுக்கு ஒருவிதத்தில் காவலாகவும் இருந்தது. வளமான சமவெளிகளுக்காக மற்ற ஊர்க்காரர்கள் அடித்துக்கொண்டு மாறி மாறிக் குடியேறிக்கொண்டிருந்தபோது, இந்தப் புழுதிக்காட்டுக்கு யாரும் ஆசைப்படவில்லை, அதனால் அதே ஜனங்கள் அங்கேயே தொடர்ந்து இருந்தார்கள் என்று இந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ் சொல்கிறார். ஏழை வீட்டில் திருடன் வராத கதை.

கி.மு. 594இல் சோலோன் அதிகாரத்துக்கு வந்தபோது போட்ட சட்டங்களில் ஒன்று: விளைபொருளில் ஆலிவ் எண்ணெயைத் தவிர வேறு எதையும் வெளியே விற்கக் கூடாது. இதைச் சாதாரண வணிகச் சட்டம் என்று தாண்டிப் போய்விடக் கூடாது. ஆலிவ் மரம் கல்லுச் சரிவிலும் வேர்விட்டு நிற்கும், கோடை வறட்சியைத் தாங்கும். ஆனால் நட்டு நல்ல காய்ப்புக்கு வர வருஷக்கணக்காகும், எண்ணெயை மட்டும் குடித்து உயிர்வாழவும் முடியாது. ஆக, எண்ணெயை விற்றுத் தானியம் வாங்குகிற ஊராக ஏதென்ஸ் அன்றைக்கே மாறத் தொடங்கிவிட்டது. வாங்குகிறவன் எப்போதும் வழியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். விளைவிக்கிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. இந்த வித்தியாசம் 190 வருஷம் கழித்து வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

வெள்ளி, கப்பல், மதில்

இந்தப் பகுதியை வேகமாகக் கடக்கிறேன், நிறையப் பேருக்குத் தெரிந்த கதை. அட்டிகாவின் தென்கோடியில் லாரியம் சுரங்கத்தில் கி.மு. 483 வாக்கில் பெரிய வெள்ளிப் படிவம் கிடைத்தது. குடிமக்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது, ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டொக்ளீஸ் அதைத் தடுத்துப் போர்க்கப்பல் கட்ட வைத்தார். மூன்று வருஷத்தில் பாரசீகர்கள் வந்தார்கள், சாலமிஸ் ஜலசந்தியில் அந்தக் கப்பல்கள்தான் ஊரைக் காப்பாற்றின.

அப்புறம் கவனிக்க வேண்டியது மதில்கள். நகரம் கடலோரத்தில் இல்லை, பைரியஸ் துறைமுகத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அந்த இடைவெளியை எதிரி அடைத்துவிட்டால் கதை முடிந்தது. ஆகவே கி.மு. 450களுக்குள் நகரத்தையும் கடலையும் இணைத்து இருபுறமும் நீண்ட மதில்கள் எழுப்பினார்கள்; பிறகு நடுவில் பைரியஸ் மதிலுக்கு இணையாக இன்னொன்றும். அதைக் கட்டி முடித்தபோது நிலத்தோடு ஒட்டியிருந்த ஏதென்ஸ் கிட்டத்தட்ட ஒரு தீவாகிவிட்டது. இயற்கை தராத புவியியலைக் கல்லால் கட்டிக்கொண்டார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

கி.மு. 431இல் போர் வெடித்தபோது ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸின் திட்டம் முழுக்க இந்தத் தீவை நம்பித்தான். கிராமத்து ஜனங்களெல்லாம் மதிலுக்குள் வந்துவிடுங்கள், ஆடு மாடுகளை எதிரே உள்ள யூபியா தீவுக்கு ஓட்டிவிடுங்கள், ஸ்பார்ட்டாக்காரன் வந்து வயலைக் கொளுத்தட்டும், கடல் நம்முடையது. ஜனங்கள் கதவு நிலைகளைக்கூடப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்பார்ட்டாப் படை முதல் சில வருஷங்களில் அநேகமாக வருஷா வருஷம் வந்தது, அழித்தது, போயிற்று. ஒருமுறை அதிகபட்சமாக நாற்பது நாள் தங்கியது. போர் தொடங்கிய அடுத்த வருஷமே கொள்ளைநோய் வந்து அந்த நெரிசலில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், பெரிக்ளீஸும் போனார். இருந்தும் ஊர் பட்டினியால் சாகவில்லை. திட்டம் வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும், கொடூரமாக வேலை செய்தது.

கி.மு. 413இல் ஏகிஸ் டெசெலியாவில் நிரந்தரமாக உட்கார்ந்ததும் முதல் விரிசல். அதுவரை யூபியாவிலிருந்து வரும் சாமான்கள் ஒரோபஸ் துறையில் இறங்கி, டெசெலியா வழியாகத் தரைமார்க்கமாகச் சீக்கிரம் வந்துகொண்டிருந்தன. இப்போது சூனியன் முனையைச் சுற்றிக் கடல் வழியாக வர வேண்டும், செலவு எகிறியது. இரண்டு வருஷத்தில் யூபியாவே கைமாறியது. சிசிலித் தீவுக்கு அனுப்பிய ஏதென்ஸ் படை மொத்தமும் அழிந்தபோது வந்த பீதியைவிட இந்தச் செய்தி வந்தபோது பீதி அதிகம், ஏனென்றால் அட்டிகாவைவிட யூபியாதான் அவர்களுக்கு அதிகம் பயன்பட்டுக்கொண்டிருந்தது என்கிறார் துசிடிடீஸ். ஒரு நாட்டுக்குச் சொந்த மண்ணைவிடப் பக்கத்துத் தீவு முக்கியமாகிவிட்ட நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

மிச்சம் இருந்த பெரிய வழி ஒன்றுதான்.

கருங்கடலின் கழுத்து

கருங்கடலுக்கு வடக்கே, கிரிமியாவும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் கரிசல் மண். கோதுமை அங்கே கொழிக்கும். அங்கிருந்து ஏதென்ஸுக்கு வர ஒரே நீர்வழி: பாஸ்பரஸ் ஜலசந்தி, மர்மராக் கடல், அப்புறம் ஹெல்லெஸ்பான்ட், அதாவது இன்றைய டார்டனெல்ஸ். அறுபது கிலோமீட்டர் சொச்சம் நீளம், மிகக் குறுகிய இடத்தில் சுமார் 1.2 கிலோமீட்டர் அகலம். ஒரு கரையில் நாய் குரைத்தால் மறுகரையில் கேட்குமோ என்று தோன்றும் அளவுக்கு நெருக்கம்.

கருங்கடலில் கலக்கும் பெரிய ஆறுகளின் நீர் எப்போதும் மேற்பரப்பில் ஏகியன் கடல் பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. கோடையில் வடகிழக்குக் காற்றும் அதே திசையில் வீசும். மேலே போகிற கப்பல் காற்றுக்காக வாசலில் நாட்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். தானியம் ஏற்றிக்கொண்டு கீழே வருகிற கப்பல் நீரோட்டத்தோடு சறுக்கிக்கொண்டு வரும். போகும்போது எண்ணெயும் ஒயினும் மட்பாண்டமும், வரும்போது கோதுமையும் உப்புக்கண்ட மீனும். கிரிமியாப் பக்கம் தோண்டும்போது ஏதென்ஸ் மட்பாண்டங்கள் கிடைப்பது இதனால்தான்.

எவ்வளவு வந்தது? போருக்குப் பிந்தைய காலத்து எண் ஒன்று இருக்கிறது. கி.மு. 355 வாக்கில் ஏதென்ஸின் பேச்சாளர் டெமோஸ்தனீஸ் பேசிய பேச்சில் கருங்கடலிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 4,00,000 மெடிம்னஸ் வருகிறது, மற்ற இடங்களிலிருந்து வருவதெல்லாம் சேர்ந்தால்தான் அதற்குச் சமம் என்கிறார். ஒரு மெடிம்னஸ் சுமார் 52 லிட்டர், அதாவது 48 கொய்னிக்ஸ். ஒரு ஆளுக்கு ஒரு நாள் படி ஒரு கொய்னிக்ஸ். பெருக்கி வகுத்தால் ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் அதிகமான பேருக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. நிலம் கைவிட்டு, யூபியாவும் போன கடைசி வருஷங்களில் இந்த ஒரு வழியின் பாரம் இன்னும் கூடியிருக்கும் என்று ஊகிப்பதில் தப்பில்லை.

ஏகிஸ் குன்றின் மேலிருந்து பார்த்தது இந்தக் குழாயின் கடைசி முனையை. குழாயை எங்கே மடக்க வேண்டும் என்பதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிவது வேறு, செய்வது வேறு. ஸ்பார்ட்டாவிடம் கப்பலோட்டிகள் எங்கே?

எதிர்த் தரப்பின் பூகோளம்

ஸ்பார்ட்டா கிட்டத்தட்ட ஏதென்ஸின் தலைகீழ்ப் படம். யூரோடஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வளமானது. 2,400 மீட்டர் உயரமுள்ள டைகீட்டஸ் மலைக்கு அப்பால் மெசீனியா, அது இன்னும் வளம். அதைப் பிடித்து அங்கிருந்த மக்களை ஹீலட் என்ற பண்ணையடிமைகளாக்கி, உழைப்பை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, குடிமக்கள் முழுநேரப் போர்வீரர்களாக இருந்தார்கள். மலையே மதில் என்பதால் ஊருக்கு மதில்கூடக் கட்டவில்லை. சோற்றுக்குக் கவலை இல்லை, ஆகவே கடலுக்குப் போகும் அவசியமும் இல்லை. அடிமைகள் எப்போது எழுவார்களோ என்ற பயம் மட்டும் உண்டு, அதனால் படையை நீண்ட நாள் வெளியே விடவும் தயங்குவார்கள்.

கடலுக்குப் போகாதவன் கடலில் ஜெயிக்க முடியாது. கி.மு. 410இல் சிசிகஸ் கடற்போரில் அவர்கள் கப்பற்படை அழிந்தபோது ஊருக்கு அனுப்பிய கடிதம் ஏதென்ஸ்காரர்கள் கையில் சிக்கியது: கப்பல்கள் போயின, தளபதி மிண்டாரஸ் செத்தான், ஆட்கள் பசியில், என்ன செய்வதென்று தெரியவில்லை. அவ்வளவுதான் கடிதம்.

அந்த ஓட்டையை அடைத்தது பாரசீகப் பணம். இளவரசர் சைரஸ் கி.மு. 407 வாக்கில் சின்ன ஆசியாவுக்கு வந்தார், ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர் அவரிடம் நயமாகப் பேசி, துடுப்புக்காரர்களின் தினக்கூலியை மூன்று ஓபல் காசிலிருந்து நான்காக உயர்த்த வைத்தார். ஒரு ஓபல்தான் வித்தியாசம். ஆனால் கூலிக்குத் துடுப்பு போடுகிறவன் நாளைக்கு எந்தக் கப்பலில் ஏறுவான் என்பதை அந்த ஒரு ஓபல் தீர்மானிக்கும். ஆகவே "எல்லாம் பூகோளம்" என்று அடித்துச் சொல்கிறவர்களிடம் எனக்கு ஒத்துப்போவதில்லை. எங்கே வெட்ட வேண்டும் என்று பூகோளம் காட்டியது, கத்தியை வாங்கிக் கொடுத்தது பாரசீகம்.

ஏதென்ஸும் தன் பங்குக்குக் கோடாலியைக் காலில் போட்டுக்கொண்டது. கி.மு. 406இல், கோயில் பொற்சிலைகளை உருக்கிக் காசடித்து, ஆள் கிடைக்காமல் அடிமைகளையும் ஏற்றி ஒரு படையைத் திரட்டி ஆர்கினூசே தீவுகளருகே ஜெயித்தார்கள். ஆனால் புயல் எழுந்ததால் மூழ்கிக்கொண்டிருந்த கப்பல்களில் இருந்தவர்களை மீட்க முடியவில்லை. அதற்காக ஜெயித்த தளபதிகளையே விசாரித்து, ஊரில் இருந்த ஆறு பேருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். அடுத்த வருஷம் கடலுக்குப் போன தளபதிகளின் மனநிலை எப்படி இருந்திருக்கும்?

ஆட்டாற்றங்கரையில் ஐந்து நாள்

ஏகோஸ்போடமி என்றால் ஆட்டு ஆறுகள் என்று அர்த்தம். ஹெல்லெஸ்பான்ட்டின் ஐரோப்பியக் கரையில் ஒரு திறந்த மணற்கரை, பக்கத்தில் ஓடை, வேறு ஒன்றும் இல்லை. ஊர் இல்லை, துறைமுகம் இல்லை, சந்தை இல்லை. எதிர்க்கரையில் லாம்ப்சகஸ். (2022இல் திறந்த பிரம்மாண்டமான சனாக்கலே தொங்குபாலம் ஏறத்தாழ இந்தப் பகுதியில்தான் கரைக்குக் கரை போகிறது. அதே வருஷம் உக்ரைன் தானியம் வெளியே வர ஐ.நா.வும் துருக்கியும் நடுவில் நின்று ஒப்பந்தம் போட்டதும் இதே நீர்வழிக்காகத்தான்.)

கி.மு. 405இல் லைசாண்டர் ஹெல்லெஸ்பான்ட்டுக்குள் வந்ததற்குச் செனஃபன் சொல்லும் முதல் காரணமே சரக்குக் கப்பல்கள் வெளியே போவதை மறிக்க வேண்டும் என்பதுதான். வந்ததும் லாம்ப்சகஸைப் பிடித்தார். ஒயினும் தானியமும் நிறைந்த பணக்கார ஊர், நல்ல துறைமுகம். பின்னாலேயே விரட்டிக்கொண்டு 180 கப்பல்களோடு ஏதென்ஸ் படை வந்து நேர் எதிரே ஏகோஸ்போடமியில் இறங்கியது. அங்கே ஜலசந்தியின் அகலம் 15 ஸ்டேடியம், மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

டிரைரீம் என்ற அந்தப் போர்க்கப்பலைப் புரிந்துகொள்ளாமல் அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. மூன்று அடுக்காக 170 பேர் துடுப்பு போடுவார்கள், மாலுமிகளும் வீரர்களும் சேர்த்து 200 பேர். ஓட்டப்பந்தயக் குதிரை மாதிரி மெலிந்த, நீண்ட கப்பல். அதில் படுக்க இடமில்லை, சமைக்க இடமில்லை, இரண்டு நாள் தண்ணீர் வைக்கவும் இடமில்லை. ஆகவே தினமும் கரையேற வேண்டும். 180 கப்பல் என்றால் 36,000 பேர், ஒரு நாளைக்கு 750 மெடிம்னஸ் தானியம், ஆளுக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தாலும் 1,80,000 லிட்டர் தண்ணீர். தண்ணீருக்கு ஓடை இருந்தது. அநேகமாக அதற்காகத்தான் அந்த இடத்தைப் பிடித்திருப்பார்கள். சோற்றுக்கு? செஸ்டோஸ் ஊர் வரை போய் வாங்கி வர வேண்டும், இல்லாவிட்டால் சுற்றுவட்டாரத்தில் அலைந்து திரிந்து கிடைத்ததைப் பொறுக்க வேண்டும்.

முதல் நாள் காலை ஏதென்ஸ் கப்பல்கள் லாம்ப்சகஸ் வாசல் வரை போய் வரிசை கட்டி நின்றன. லைசாண்டர் ஆட்களைச் சாப்பிடவைத்து, கப்பலில் ஏற்றி, தயாராக வைத்துக்கொண்டு, யாரும் நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார். பொழுது சாய ஏதென்ஸ்காரர்கள் திரும்பினார்கள். வேகமான சில கப்பல்களைப் பின்னாலேயே அனுப்பி, அவர்கள் கரையேறி என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வரச் சொன்னார். அந்தக் கப்பல்கள் திரும்பி வரும் வரை தன் ஆட்களை இறங்கவிடவில்லை. இரண்டாம் நாளும் இதே. மூன்றாம் நாளும் இதே. நான்காம் நாளும். ஒவ்வொரு நாளும் ஏதென்ஸ்காரர்களுக்கு அலட்சியம் கூடியது, சாப்பாடு தேடி இன்னும் தூரம் போனார்கள்.

இந்த இடத்தில் ஏதென்ஸின் பழைய தளபதி ஒருவர் வருகிறார். நாடுகடத்தப்படுமுன் தானாகவே விலகி, அந்தக் கரையிலேயே தன் சொந்தக் கோட்டையில் வாழ்ந்துகொண்டிருந்த ஆல்சிபியாடீஸ். டெசெலியாவில் கோட்டை கட்டு என்று ஸ்பார்ட்டாவுக்கு யோசனை சொன்ன அதே ஆல்சிபியாடீஸ்தான், பிறகு ஏதென்ஸ் பக்கம் திரும்பியவர். மேலேயிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்து சொன்னார்: திறந்த கரையில் கிடக்கிறீர்கள், பக்கத்தில் ஊர் இல்லை, சாமான் செஸ்டோஸிலிருந்து வர வேண்டியிருக்கிறது, எதிரியோ துறைமுகத்தில் எல்லாம் வைத்துக்கொண்டு இருக்கிறான், செஸ்டோஸுக்கே மாறிவிடுங்கள், அங்கே துறைமுகமும் உண்டு ஊரும் உண்டு, நினைத்தபோது சண்டை போடலாம். டைடியஸும் மெனாண்டரும், "இப்போது தளபதிகள் நாங்கள், நீ இல்லை, போ" என்று அனுப்பிவிட்டார்கள்.

செஸ்டோஸுக்கு மாறாதது வெறும் முட்டாள்தனம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே போனால் லைசாண்டர் கண்ணுக்கு மறைந்துவிடுவார், அவர் நினைத்தபோது கருங்கடல் பக்கமோ ஏகியன் பக்கமோ நழுவலாம், தானியக் கப்பல்களை அள்ளிக்கொண்டு போகலாம். காசும் தீர்ந்துகொண்டிருக்கிறது. அவரைச் சண்டைக்கு இழுக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். ஆகவே மோசமான கரையில் எதிரே உட்கார்ந்தார்கள். ஆனால் அப்படி உட்கார்ந்தால் காவலை விடக் கூடாது, அதைத்தான் விட்டார்கள்.

ஐந்தாம் நாள். வழக்கம்போலப் போனார்கள், நின்றார்கள், திரும்பினார்கள், கரையேறிக் கலைந்தார்கள். பின்தொடர்ந்து வந்த ஸ்பார்ட்டாக் கப்பல்கள் திரும்பும் வழியில், ஜலசந்தியின் நடுவில் ஒரு கேடயத்தை உயர்த்திக் காட்டின. அதுதான் அடையாளம். லைசாண்டரின் மொத்தப் படையும் முழு வேகத்தில் புறப்பட்டது. அந்த அகலத்துக்குக் கால்மணி நேரம் போதும். தளபதி கோனன் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார், ஆட்கள் எங்கே? சில கப்பல்களில் இரண்டு அடுக்குக்கு ஆள் இருந்தது, சிலதில் ஒரு அடுக்குக்கு, சிலது காலி. கோனனின் கப்பலும் இன்னும் ஏழும், கூடவே அரசுக் கப்பலான பாராலஸும் சேர்த்து ஒன்பது தப்பின. மற்றதையெல்லாம் கரையிலேயே பிடித்துக்கொண்டார்கள். அதைப் போர் என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. பிடிபட்ட ஏதென்ஸ்காரர்களைக் கொன்றார்கள். 3,000 பேர் என்கிறார் பல நூற்றாண்டு கழித்து எழுதிய புளூட்டார்க்.

ஊருக்குத் திரும்பி முகம் காட்ட முடியாது என்று தெரிந்த கோனன், ஆர்கினூசே தளபதிகளின் கதியை நினைத்திருப்பார், சைப்ரஸ் பக்கம் போய்விட்டார். பாராலஸ் மட்டும் செய்தியோடு ஏதென்ஸ் போயிற்று.

பசி வந்த வழி

பாராலஸ் பைரியஸை அடைந்தது இரவில். ஒருவர் அடுத்தவரிடம் சொல்லச் சொல்ல, அழுகைச் சத்தம் துறைமுகத்தில் தொடங்கி நீண்ட மதில்களின் வழியே நகரத்துக்கு ஏறியது, அன்றிரவு ஒருவரும் தூங்கவில்லை என்கிறார் செனஃபன். தானியம் வருவதற்காகக் கட்டிய அதே வழி.

லைசாண்டர் அவசரப்படவில்லை. பைசாந்தியமும் அதன் எதிர்க்கரையில் உள்ள கால்சிடனும் கைக்கு வந்தன, ஜலசந்தி மூடியாயிற்று. அப்புறம் ஒரு காரியம் செய்தார், அதைப் படிக்கும்போதெல்லாம் முதுகு சில்லிடுகிறது: வெளியூர்களில் காவலுக்கு இருந்த ஏதென்ஸ்காரர்கள் யார் அகப்பட்டாலும் உயிரோடு விட்டு, ஏதென்ஸுக்குப் போனால் மட்டும் பத்திரமாகப் போகலாம், வேறெங்கும் போகக் கூடாது என்று அனுப்பிவைத்தார். கருணை ஒன்றும் இல்லை. உள்ளே வாய்கள் கூடக்கூடத் தானியம் சீக்கிரம் தீரும். பிறகு 150 கப்பல்களோடு பைரியஸ் வாசலில் வந்து நின்றார். நிலத்தில் ஏகிஸும் இன்னொரு அரசன் பவுசானியஸும்.

மதில்கள் அப்படியே உறுதியாக இருந்தன, யாரும் அவற்றில் ஏற முயலவுமில்லை. நீண்ட மதில் ஒவ்வொன்றிலும் பத்து ஸ்டேடியம் நீளத்தை இடித்தால் சமாதானம் என்று ஸ்பார்ட்டாவிலிருந்து பேச்சு வந்தது. ஏற்கலாம் என்று நகரத்தின் ஆலோசனைக் குழுவில் சொன்ன ஆர்கெஸ்ட்ராடஸைச் சிறையில் போட்டார்கள், இனி யாரும் அப்படி முன்மொழியவே கூடாது என்று தீர்மானமும் போட்டார்கள். வீதியில் ஜனங்கள் பசியில் செத்துக்கொண்டிருந்த நேரம் இது. தெராமினீஸ் என்பவர் நான் போய்ப் பேசுகிறேன் என்று லைசாண்டரிடம் போய், மூன்று மாதத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டார்; தானியம் முற்றிலும் தீர்ந்தால் எதையும் ஒத்துக்கொள்வார்கள் என்று காத்திருந்தாராம். குளிர்காலம் வேறு, கடல் மூடியிருக்கும் பருவம்.

கி.மு. 404 வசந்தத்தில் பணிந்தார்கள். கொரிந்தும் தீப்ஸும் நகரத்தையே அழிக்க வேண்டும் என்றன, ஸ்பார்ட்டா மறுத்தது. நிபந்தனைகள்: நீண்ட மதில்களும் பைரியஸ் மதிலும் போக வேண்டும், பன்னிரண்டு கப்பல்களைத் தவிர எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும், நாடுகடத்தப்பட்டவர்களைத் திரும்ப ஏற்க வேண்டும், ஸ்பார்ட்டாவின் நண்பனும் பகைவனும் இனி ஏதென்ஸுக்கும் அப்படியே. குழலூதும் பெண்களின் இசையோடு மதில்களை இடிக்கத் தொடங்கினார்கள். ஏதென்ஸ் மறுபடி நிலத்தோடு ஒட்டிக்கொண்டது.

அதோடு முடிந்ததா

இல்லை. பத்து வருஷம் கழித்து அதே கோனன், இந்த முறை பாரசீகக் கப்பற்படையோடு வந்து ஸ்பார்ட்டாவை நிடஸ் கடற்போரில் தோற்கடித்து, கி.மு. 393இல் மதில்களைத் திரும்ப எழுப்பவைத்தார். பாரசீகப் பணம் இப்போது இந்தப் பக்கம். ஏதென்ஸ் மறுபடி தீவானது, மறுபடி அதே குழாயில் வாய் வைத்தது. கி.மு. 387இல் ஸ்பார்ட்டாவின் அண்டால்சிடஸ் எண்பதுக்கு மேற்பட்ட கப்பல்களோடு ஹெல்லெஸ்பான்ட்டை அடைத்தார், ஏதென்ஸ் ஒரு சண்டைகூடப் போடாமல் பாரசீக அரசர் விதித்த சமாதானத்துக்கு ஒத்துக்கொண்டது. கி.மு. 340இல் மாசிடோனியாவின் பிலிப், பாஸ்பரஸ் வாயிலருகே கூடியிருந்த தானியக் கப்பல்களை மொத்தமாகப் பிடித்தார். 230 என்று ஒரு கணக்கு, 180 என்று இன்னொரு கணக்கு.

அண்டால்சிடஸ் அடைத்த காலத்தை ஒட்டி ஏதென்ஸில் தானிய வியாபாரிகள் மேல் ஒரு வழக்கு நடந்தது. ஐம்பது கூடைக்கு மேல் ஒரே சமயத்தில் வாங்கிப் பதுக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. லிசியாஸ் எழுதிக்கொடுத்த அந்த வாதத்தில் ஒரு இடம் உண்டு: இந்த வியாபாரிகள் ஊருக்குக் கேடு வரும் செய்தியை முதலில் தெரிந்துகொள்கிறார்கள், இல்லாவிட்டால் தாங்களே கட்டிவிடுகிறார்கள், கருங்கடலில் கப்பல்கள் மூழ்கிவிட்டன என்பார்கள், ஸ்பார்ட்டாக்காரர்கள் பிடித்துவிட்டார்கள் என்பார்கள், துறைமுகங்கள் அடைபட்டுவிட்டன என்பார்கள். ஒரு வதந்தியில் விலை ஏறுகிறது என்றால், வாங்குகிற ஒவ்வொருவனுக்கும் மனசுக்குள் அந்த மேப் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

சட்டமும் அதையே காட்டுகிறது. ஏதென்ஸில் குடியிருக்கிறவன் தானியத்தை வேறு ஊருக்கு ஏற்றிப்போகக் கூடாது, அப்படிப் போகிற கப்பலுக்குக் கடன் கொடுக்கவும் கூடாது. சந்தையில் மாவு விலையையும் ரொட்டி எடையையும் பார்க்கத் தனி அதிகாரிகள். வருஷத்தைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள், ஒவ்வொரு பகுதியிலும் குடிமக்கள் மன்றத்தின் முதன்மைக் கூட்டம் ஒன்று. அதில் கட்டாயம் எடுக்க வேண்டிய விஷயங்களை வரிசையாக எழுதிவைத்திருக்கிறார்கள்: அதிகாரிகள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா, தானியம், நாட்டுப் பாதுகாப்பு. தானியம் இரண்டாவது, பாதுகாப்பு அதற்குப் பிறகு.